இடப்புறம் சாய்ந்த ஓரம்

சால்வையின் ஓரம் வளர்ந்திருந்தது.

டீ போட எழுந்து போகும்முன் எங்கே நிறுத்தினோம் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சிப்பி சிப்பியாய்ப் போகும் அந்த ஓரப்பின்னலை ஒரு முனையிலிருந்து கொண்டுவந்து பாதியில் வைத்திருந்தாள். அது அப்படியேதான் இருந்தது. வளர்ந்திருந்தது எதிர்முனை, பெரியக்கா பின்னி முடிக்காமல் விட்டுப்போன பக்கம். அங்கே புதுச் சிப்பிகள், எல்லாம் இடப்புறம் சாய்ந்து. பெரியக்காவுக்கு இடக்கைப் பழக்கம்.

பெரியக்கா கண்ணை மூடி ஆறேழு மாதம் ஆகிறது. அவளுடைய நூலை அறுத்து முடிச்சுப் போட்டிருக்க வேண்டும்; யாரானாலும் அதைத்தான் செய்வார்கள். இவளுக்கு மனசு வரவில்லை. நூல்கண்டை அப்படியே தொங்கவிட்டு, மறுமுனையிலிருந்து தன் நூலால் தொடங்கினாள். அதுவும் போட்டதைப் பிரித்து, மறுபடி போட்டு, மெதுவாக. இதுவும் முடிந்துவிட்டால் அக்கா என்று சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் வேறென்ன இருக்கிறது?

தம்பிக்குப் போன் செய்தாள். "நீ வீட்டுக்கு வந்திருந்தியாடா?"

"பூட்டுன வீட்டுக்குள்ள நான் எப்படி வர்றது சின்னக்கா? நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீங்க. ஞாயித்துக்கிழமை வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வாராவாரம் வரும். அவன்தான் வரமாட்டான்.

மழை பிடித்துக்கொண்டு சாயங்காலமே இருட்டிவிட்டது. கூரைக்குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், கம்பளியின் ஈர வாடை, அதற்கடியில் லேசாகத் தைல வாசனை. பெரியக்கா பின்னி முடித்ததும் மணிக்கட்டில் தேய்த்துக்கொள்ளும் தைலம். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேக்கா."

அப்படியே கண் அசந்துவிட்டாள் போலிருக்கிறது.

விழித்தபோது கையை எடுக்க வரவில்லை. சால்வை முன்புறம் மூடியிருந்தது. முழங்காலிலிருந்து மார்புவரை, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பின்னி. சிப்பிகள். எல்லாம் இடப்புறம் சாய்ந்தவை. தரையில் நூல்கண்டு உருண்டது. நின்றது. மறுபடி உருண்டது. கழுத்தில் நூல் இறுகியது.

"போதும்க்கா. போதும்."

சின்ன வயதில் அளவு பார்க்கும்போது அதட்டுகிற அதே குரல், காதோரம்.

"அசையாதடி. கண்ணி விட்டுப்போயிடும்."

கொக்கி ஊசி மோவாயைத் தாண்டி மேலே வந்தது. அடுத்த கண்ணியைக் கோத்தெடுக்க அதற்குமேல் சால்வை இல்லை. ஊசியின் குளிர்ந்த நுனி அவள் கீழுதட்டில் இடம் தேடியது.