கோட்டை வயலின் வாசல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நிலத்தை மிதிக்கத் தெரியாது. விதைப்பது வண்டிக்குள் உட்கார்ந்து, மருந்தடிப்பது வண்டிக்குள் உட்கார்ந்து, பயிர் எப்படி இருக்கிறது என்று பார்க்கக்கூட வானத்தில் ஒரு பொம்மையைப் பறக்கவிட்டு வாசலிலேயே நின்றுகொள்வது. காலணியில் மண் ஒட்டாதவன் சொல்லும் எதையும் நம்பக்கூடாது என்பது கிழவர் எக் பர்வ்ஸின் கட்சி. அதனால் தங்கை மகன் ஸ்ட்ரூவன் சமையலறை மேசைமேல் டேப்லெட்டை வைத்து, "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க," என்றபோது அவர் தன் தேநீரைத்தான் பார்த்தார்.

படத்தில் இருந்தது கோட்டை வயல். பெயர்தான் கோட்டை. தரையில் நின்று பார்த்தால் ஒரு கல்கூடக் கிடையாது. கடல் பக்கம் லேசாக முதுகு தூக்கிய மேடு, அதன்மேல் பார்லி, அவ்வளவுதான். மழை பொய்த்த கோடையில் வானத்திலிருந்து பார்த்தால் மட்டும் அது தெரியும். எழுத்தே இல்லாத காலத்தில் யாரோ வெட்டி, பிறகு தூர்ந்துபோன அகழிகளுக்குள் ஈரம் தங்குவதால், சுற்றிலும் பயிர் வெளுத்துக் காயும்போது அகழிமேல் நிற்பது மட்டும் பச்சையாக நிற்கும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம்.

"இதுல என்னடா அதிசயம்? எழுபத்தாறு வறட்சியிலேயே விமானத்துல வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க. உங்க அத்தை அதுக்குச் சட்டம் போட்டு நடையில மாட்டியிருக்கா."

"அந்தப் படத்துல வாசல் எந்தப் பக்கம் மாமா?"

எக் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று வளையத்திலும் வெட்டாமல் விட்ட இடைவெளி கடல் பக்கம் இருந்தது, நல்லவன் பங்கு என்று பெயருள்ள துண்டு நிலத்துக்கு நேராக.

ஸ்ட்ரூவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். கடல் பக்கம் மூன்று வளையமும் மூடியிருந்தன. இடைவெளி இந்தப் பக்கம் இருந்தது. வீட்டுப் பக்கம்.

"தலைகீழா வச்சிருக்கடா."

"கடல் இங்க இருக்கு பாருங்க. வீடு இங்க."

"அப்போ உன் பொம்மைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

"நல்லவன் பங்க உழுதீங்கல்ல," என்றாள் மைசி.

எக்கின் மனைவி அடுப்போரம் நாற்காலியில், கம்பளியால் கால்களைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசந்தத்திலிருந்தே அவளுக்குப் பாதங்களில் உணர்ச்சி இல்லை. வயசு, இரத்த ஓட்டம் என்று டாக்டர் ஏதோ சொன்னார். டாக்டரையும் எக் நம்பவில்லை.

நல்லவன் பங்கு என்பது, எக்கின் அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் ஏர் படாமல் விட்டுவைத்த துண்டு நிலம். அந்த நல்லவன் யார் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாம்பை நல்லது என்று சொல்கிற கதைதான். பாதிரிமார் தலைமுறை தலைமுறையாகத் திட்டியும் அது தரிசாகவே கிடந்தது. எக்கும் விட்டுவைத்திருந்தார், பயந்து அல்ல, கல் அதிகம் என்று. போன குளிர்காலத்தில் ஸ்ட்ரூவனின் டிராக்டர், தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் டிராக்டர், கோடு போட்டதுபோல அதன்மேல் நேராகப் போய்விட்டது. ஒரு கல்கூடத் தட்டவில்லை.

"அத்தைய நான் ஹாடிங்டனுக்குக் கூட்டிட்டுப் போறேனே மாமா," என்றான் ஸ்ட்ரூவன். "எல்ஸ்பெத் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும். மக வீடுதானே. வண்டி வாசல்லதான் நிக்குது."

"ஒரு படத்தப் பாத்துட்டு என் பொண்டாட்டிய வீட்ட விட்டு அனுப்பணுமா? போடா, போய் வேலையப் பாரு."

அவன் ஓட்ஸ் ரொட்டியைப் பாதி கடித்தபடியே வைத்துவிட்டுப் போனான். வண்டிச் சத்தம் சாலை வளைவில் அடங்கியது.

"எக்," என்றாள் மைசி. "மேசைய நகர்த்திப் பாரு."

நகர்த்தினார். சமையலறைத் தரை பழைய பலகைக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த மண்ணிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் உயரம்கூட இல்லை. பார்லி முளை. அடுப்பின் மூலையில் தொடங்கி, மேசைக்கு அடியில் போய், அலமாரியை ஒட்டித் திரும்பி, மைசியின் நாற்காலியைச் சுற்றி வளைந்திருந்தது. பின்கதவுப் பக்கம் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெறும் கல்.

"தண்ணிக் குழாய் ஒழுகுது," என்றார் எக்.

"பார்லியா ஒழுகுது?"

"மூட்டையிலிருந்து சிந்தியிருக்கும். ஈரம் பட்டா எதுவும் முளைக்கும்."

"நேத்து அலமாரிகிட்ட அது இல்ல. நேத்து எனக்கு முட்டியில உணர்ச்சி இருந்துச்சு. இன்னிக்கு இல்ல." அவள் குரலில் அழுகை இல்லை, பயமும் இல்லை. கடைக்குப் போனால் என்ன வாங்கி வரவேண்டும் என்று சொல்கிற குரல். "அவங்க போய்வர்ற வழிய அடைச்சுட்டோம். வேற வழி போட்டுக்கிறாங்க. இடைவெளி இருக்கும்போதே என்னைத் தூக்கிட்டுப் போயிடு."

"நாளைக்குப் பாக்கலாம்."

"கல்யாணத்தன்னிக்கு மழை வரும்னு ஊரே சொல்லுச்சு. நீ நம்பல. நனைஞ்சது நான்தான்."

அவர் சிரித்தார். சிரித்தது மைசிக்காக. பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு, குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் புறப்பட்டார்.

இராச்சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் போக மனமில்லாமல் கிடக்கிற கோடை மாலை அது. பின்கட்டுப் புல்தரை முழுவதும் வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்க, வேலியிலிருந்து கதவு வரைக்கும் இரண்டு பச்சைக் கோடுகள், வண்டித்தடம் போல, ஆனால் எந்த வண்டியும் வராத திசையிலிருந்து, செழித்து வந்திருந்தன. அவற்றின் நடுவே நடந்து எக் வேலியைத் தாண்டிப் பார்லிக்குள் இறங்கினார். கதிர்களின் சுணை மணிக்கட்டைக் கீறியது, காய்ந்த தாள்கள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுத்தன, தூரத்தில் ட்ரப்ரெய்ன் குன்றின் முதுகில் செவ்வெளிச்சம் படர்ந்து கிடந்தது, எப்போதும் தலைக்குமேல் கத்தும் வானம்பாடி ஒன்றுகூட இல்லை என்பதை அவர் வெகுதூரம் நடந்த பிறகுதான் கவனித்தார். மேட்டின் மேல் ஏறியபோது ஒரு வாசனை வந்தது. அந்த வறட்சியில் இரும்பாக இறுகிப்போன நிலத்தில் வரக்கூடாத வாசனை. இப்போதுதான் வெட்டிப் புரட்டிய ஈரமண்.

நல்லவன் பங்கில் பயிர் அவர் இடுப்புக்கு மேலே நின்றது.

கைத்தடியை ஊன்றினார். அது இறங்கியது. எதிர்ப்பே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போல. கைப்பிடிவரை போனதும், கீழே ஏதோ அதைப் பிடித்துக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை.

"வேர்," என்று சத்தமாகச் சொன்னார்.

பார்லிக்கு அவ்வளவு கெட்டியான வேர் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். தடியை விட்டுவிட்டார். அப்போது காலுக்கடியில் கேட்டது.

சுரண்.

ஒரு நிறுத்தம்.

சுரண்.

எலும்பால் மண்ணைச் சுரண்டுகிற சத்தம். அவசரம் இல்லாத வேலைக்காரனின் சத்தம். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கியது. பச்சைக் கோடுகளின் வழியே போனது. வீட்டுப் பக்கம்.

எக் நடந்தார். ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடினால் நம்பியதாக ஆகிவிடும். நடந்தார். சத்தம் அவருக்கு முன்னால் போனது. வேலி. புல்தரை. கதவு.

நடையில் மாட்டியிருந்த படத்தைக் கடந்தார். அதைக் கொண்டுவந்து கொடுத்த விமானக்காரன் அன்றைக்குச் சொன்ன ஒரு விஷயம் காரணமில்லாமல் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்து ஆட்கள் செத்தவர்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் புதைப்பார்களாம். "போர்வை பத்தலபோல," என்று எக் அப்போது சொல்ல, மைசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சமையலறைக் கதவைத் தள்ளினார்.

இடைவெளி இல்லை. வளையம் மூடியிருந்தது.

நாற்காலி காலி. மைசி தரையில் இருந்தாள். ஒருக்களித்து. முழங்கால்கள் நெஞ்சோடு. கைகள் முகவாய்க்குக் கீழே, குழந்தை வைத்துக்கொள்வதுபோல. கம்பளி நாற்காலியில் மடித்து வைத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவரைத்தான் பார்த்தன. மூச்சு இருந்தது.

"மைசி."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் கிடந்த கல் மட்டும் மற்ற கற்களைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

சுரண்.

இரண்டு விரல்.

முளை கட்டைவிரல் உயரம்கூட இல்லை. ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். எக் வலது காலைத் தூக்கினார். முளைக்கு மேலே அது நின்றது. பிறகு அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அடியில தண்ணி தேங்கியிருக்கு," என்றார். "அதான் கல்லு இறங்குது. மொதல்ல தண்ணிய அடைக்கணும். அசையாமப் படு. வந்துடறேன்."

கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது இன்னும் கொஞ்சம் கீழேயிருந்து.

கதவோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். சாலையோரத்து வால்வை நோக்கி, பச்சைக் கோடுகளை மிதிக்காமல், காய்ந்த புல்லின் மேலேயே நடந்தார். குழாய்தான். பழைய குழாய். அப்பா காலத்துக் குழாய். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அவர் முதுகுக்குப் பின்னால் சத்தம் நிற்காமல் கேட்டது. அவர் திரும்பவில்லை. கால் தரையில் படுகிறதா இல்லையா என்பதை மட்டும், ஒவ்வொரு எட்டுக்கும், குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.