காதம்மாவுக்குக் கேட்காத வண்டி

அவள் நீட்டிய டீ டம்ளரைப் புருஷன் வாங்கவில்லை. பட்டறைக் குழாயடிக்குப் போய் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தான். ஒன்பது நாளாக இதே கூத்துதான்.

"ஆறிடுங்க…"

"ஆறட்டும்! உன் நாலு வண்டியும் இன்னிக்கு இந்த இடத்தை விட்டுப் போகட்டும். அப்புறம் குடிக்கிறேன்."

அவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்து மூடினாள்.

வீட்டுக்கு முன்னால் பட்டறை. அதன் இடது பாதி மாமியாருடையது. தன் புருஷன் செத்த மறுமாதமே ஸ்பேனரைக் கையில் எடுத்து, இருபத்தாறு வருஷம் டீசலில் ஊறி மகனை ஆளாக்கியவள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாளானால் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். லாரிக்காரர்கள் அவளைக் காதம்மா என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் லாரிகள் குறைந்துகொண்டே வந்தன. டவுன் பஸ்ஸெல்லாம் பேட்டரிக்கு மாறின. தெருமுக்குப் பெட்ரோல் பங்கில் பாதிப் பம்புகளைப் பிடுங்கிவிட்டு சார்ஜர் நட்டார்கள். மருமகள் எட்டு மாசம் சாயங்கால வகுப்புக்குப் போய் பேட்டரி, மோட்டார் வேலை கற்று, பார்சல் கம்பெனியின் நாலு கரண்ட் வண்டிகளைப் பட்டறையின் வலது பாதிக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் அடுப்பு எரிவது இப்போது அந்த வருமானத்தில்தான்.

பத்து நாளைக்கு முன் அந்த நாலில் ஒரு வண்டி பாய்ந்து பின்சுவரை இடித்தது. மகன் ஓடிவந்தபோது, அம்மா உடைந்த செங்கல்களுக்குப் பக்கத்தில் நின்றாள். "நான்தான் தெரியாம மிதிச்சிட்டேன்" என்றாள் மனைவி. பெற்றவளைக் கொல்லப் பார்த்தவள் என்றுதான் அவன் மனதில் விழுந்தது.

"ஊமைப் பிசாசைக் கூட்டிட்டு வந்தியே! எங்கம்மா செத்திருந்தா…?"

அவள் குனிந்து செங்கல்களைப் பொறுக்கினாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று எட்டு மணிக்குப் பார்சல் கம்பெனி மேனேஜர் டிரைவர்களோடு வந்தார். "வேற பட்டறை பார்த்துட்டேம்மா. சாவியக் குடுங்க. என்ன பண்ண, உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கலையே!"

நாலு சாவியையும் துணியால் துடைத்து நீட்டினாள். கரண்ட் வேலைக்குப் போடும் ரப்பர் கையுறைகளைக் கழற்றி மடித்தாள். மடிக்கும்போதுதான் கண் நிறைந்தது.

"நில்லுப்பா!"

காதம்மா எழுந்து வந்தாள்.

"சுவத்துல மோதினது அவ இல்ல. நான்."

"என்னம்மா உளர்ற?" என்றான் மகன்.

"ஓட்டிப் பார்க்கணும்னு ஆசைடா… யாருக்கும் தெரியாம ஏறினேன். சாவியத் திருப்பினேன், ஒரு சத்தமும் இல்ல. லீவரத் தள்ளினேன், அப்பவும் இல்ல. ஸ்டார்ட் ஆகலன்னு நெனச்சு, நம்ம லாரிய மிதிக்கிற மாதிரி மிதிச்சேன். பாய்ஞ்சிருச்சு!"

பார்சல்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். மகன் மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ ஏன்டி உன் தலையில போட்டுக்கிட்ட?"

"போன மாசமே ஒரு லாரிக்காரர் அத்தைக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனார். ஆன்ல இருந்த வண்டியே தெரியலன்னா… அப்புறம் யாருங்க இவங்கள மதிப்பாங்க?"

"நீயாவது சொல்லக்கூடாதாம்மா! ஒன்பது நாளா நான் இவள…"

"வெக்கம்டா! இவ தலைகுனிஞ்சு பரிமாற, நான் மூணு வேளையும் தின்னேன். தொண்டையில எறங்கிச்சு பாரு, அதான் கேவலம்." காதம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் காது போனா போகட்டும்மா. நீ பட்டறைய விட்டுப் போயிடாத…"

"உங்க காது எங்கேயும் போகல அத்தை. வாங்க!"

அவள் ஒரு வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் சுற்ற மோட்டாரை ஓடவிட்டாள். நீள ஸ்க்ரூ டிரைவரை மாமியார் கையில் கொடுத்தாள். காதம்மா குனிந்து, முனையை மோட்டார் மேல் ஊன்றி, கண்ணை மூடினாள்.

"உள்ள பேரிங் ஒண்ணு முனகுதே…"

"இது நாப்பது ஸ்பீடுக்கு மேல போனா அதிருதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்று ஒரு டிரைவர் கத்தினான்.

"டெஸ்ட் மிஷின் எல்லாம் சரின்னுதான் காட்டிச்சு அத்தை…" என்று மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். காதம்மா கிரீஸ் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சேலை முழுக்கக் கறை.

பார்சல்காரர் சாவிகளைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "நாலும் இங்கேயே கிடக்கட்டும். எங்க முதலாளி அடுத்து பேட்டரி விமானம் வாங்கப்போறாராம். அதையும் பார்ப்பீங்களா?"

"கொண்டு வாங்க. ஆனா நான் ஏறுறதுக்கு முன்னாடி சுவத்தையெல்லாம் எடுத்திருங்க!" என்றாள் காதம்மா.

மகன் ஜன்னல் பக்கம் போனான். டம்ளரின் மூடியை எடுத்தான்.

"ஆறிப்போச்சுங்க… வேற போட்டுத் தரேன்."

"வேணாம். இதுதான் எனக்கு" என்று ஏடு படிந்த அந்த டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.