மூத்தவளின் அண்ணத் தகடு

சாப்பாட்டுக் கேரியரோடு இளையவள் வந்தபோது பட்டறை திறந்தே கிடந்தது. கணவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். உச்சிவெயில் நேரம். ஆனாலும் உள்ளே இருட்டு, கிராம்பு எண்ணெய் வாசனை. அலமாரி முழுக்க பிளாஸ்டரில் வார்த்த வாய் அச்சுகள்.

பல் செட் செய்வதுதான் அவன் பிழைப்பு. கல்யாணமான மறுவாரமே ஆசையாக அவள் வாயையும் அச்செடுத்தான். "ஒரு கீறல் இல்லாத அண்ணம்" என்று மெச்சிவிட்டு, அவள் தெற்றுப்பல் தெரியும் அந்த அச்சைக் கீழ்த்தட்டில் வைத்தான். முதல் தாரமான மூத்தவளுடைய அச்சு மட்டும் கண்மட்டத்தில், துணி மூடி இருந்தது. அந்தத் துணியைப் பார்த்தாலே இளையவளுக்கு வயிறு எரியும். செத்துப்போனவளோடு யார்தான் போட்டி போட முடியும்?

மூத்தவளுக்குக் கட்டி வந்து இடப்பக்க மேல்தாடையை எடுத்துவிட்டார்கள். அவனே ஒருநாள் சொன்னான்.

"மேல்தாடைன்னா சும்மா பல்லு இருக்கிற இடம்னு நினைச்சியா? வாய்க்கு அதான் கூரை, மூக்குக்கு அதான் தரை. கண்ணு உக்காந்திருக்கிறதும் அது மேலதான். அது போச்சுன்னா குடிக்கிற தண்ணி மூக்கு வழியா வரும், பேசுறது புரியாது. நான் தகடு செஞ்சு மாட்டினதும் அவ குரல் அப்படியே திரும்பி வந்துச்சு."

சொல்லும்போது அவன் கண் கலங்கியது. இந்த இரண்டு வருஷத்தில் தன் குரலைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூத்தவளின் கடைசி நாளில் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தான்.

இன்று துணியை விலக்கினாள். அச்சின் இடப்பக்க அண்ணத்தில் ஓட்டை. பக்கத்தில் இளஞ்சிவப்புத் தகடு, அதன் முதுகில் ஓட்டையை அடைக்க நெல்லிக்காய் அளவுக் குமிழ்.

"அப்படி என்னடி இருக்கு உன் குரல்ல?"

ஆத்திரத்தில் வாயில் வைத்துப் பார்த்தாள். முழு அண்ணம் உள்ளவள் வாயில் அந்தக் குமிழ் போக இடமே கிடையாது.

டக்கென்று உட்கார்ந்தது.

நாக்கில் வேறொரு பெண்ணின் எச்சில் ருசித்தது.

பதறிப் பிடுங்கினாள். நாக்கு மேலே தடவப் போனது. அங்கே எலும்பு இல்லை, குளிர்ந்த காற்றுதான் இருந்தது. தண்ணீர் குடித்தாள். மூக்கு வழியாக ஊற்றியது. "ஐயோ" என்று கத்தினாள். வெறும் முனகல்தான் வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம்.

"யாரு உள்ள?"

நடந்ததை அவனிடம் சொல்லியாக வேண்டும். வேறு வழி தெரியாமல் தகட்டைத் திரும்ப மாட்டினாள்.

"நான்தாங்க."

அது அவள் குரல் இல்லை.

அவன் கையிலிருந்த பை கீழே விழுந்தது. "மைனா?" என்றான். மூத்தவளை அவன் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது.

இல்லை, நான் உங்கள் இளையவள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கு தன் போக்கில் புரண்டது.

"என்னைத் துணி போட்டு மூடிட்டு, இன்னொருத்திகூட சிரிச்சிட்டு இருந்தீங்க இல்ல?"

அவன் ஓவென்று அழுதபடி அவளைக் கட்டிக்கொண்டான். ஒருநாளும் அவளை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. இந்தத் தகட்டைக் கழற்ற இனி அவன் விடமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் தோளுக்கு மேலாக அலமாரியைப் பார்த்தாள். கீழ்த்தட்டில் தெற்றுப்பல் அச்சு. அதன் இடப்பக்க அண்ணத்தில் ஓட்டை.

கண்மட்டத்தில் இருந்த அச்சில் ஒரு கீறல்கூட இல்லை.