டிராயருக்குள் ஒரு மவுஸ்

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று சரியான மழை. அவளுக்கான கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை.

"அந்த சீட்ல உக்காருங்கம்மா. அவர் இன்னிக்கு லீவு" என்றார் மேனேஜர்.

லீவில் இருக்க வேண்டியவன் பதினோரு மணிக்குத் தலை சொட்டச் சொட்ட வந்து நின்றான். அவன் ஆசை ஆசையாய் நிறம் பூசி வைத்திருந்த, புரோகிராம் எழுதும் எடிட்டரைக் காணோம். கன்னங்கரேலென்ற திரை, வெள்ளை எழுத்துகள், அழுத்த ஒரு பட்டன்கூட இல்லை.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சா?"

"இதுவும் எடிட்டர்தாங்க. புரோகிராம் எழுதத்தானே வந்தோம், படம் வரையவா?"

அவன் அதை மூடப் பார்த்தான். எதைத் தட்டினாலும் எழுத்துதான் விழுந்தது. முழிபிதுங்கி அவளைப் பார்த்தான்... இமையில் ஒரு மழைத்துளி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு விசைகளைத் தட்டி மூடினாள். அந்தத் துளி மட்டும் அன்று முழுக்க அவள் கண்ணை விட்டுப் போகவில்லை...

அடுத்த வாரமே சண்டை.

"நான் திருத்தினது மூணே வரி. நீங்க சேவ் பண்ணதும் தொள்ளாயிரம் வரியும் மாறினதா காட்டுது. எது என் திருத்தம்னு யார் தேடறது? உங்க பஞ்சவர்ண எடிட்டருக்குக் கை சும்மா இருக்காதா?"

"வரிக்கு முன்னாடி விடற இடைவெளியை அது தானா நேராக்கிச்சு. சுத்தமா இருந்தா தப்பாங்க?"

மேனேஜர் தலையில் கைவைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே எடிட்டர்."

எல்லாரும் அவன் பக்கம். அவன் எடிட்டரில் எல்லாம் மவுஸ்தான். அவளுக்கோ அரை மணி நேரம் மவுஸைப் பிடித்தால் வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலி ஏறும். பழைய வேலையை விட்டதே அதனால்தான். கீபோர்டை மட்டும் வைத்து எழுதும் அந்தக் கறுப்புத் திரைதான் அவளுக்குச் சோறு போட்டது.

"வாயைத் திறந்து சொல்லேன்டி" என்றாள் அக்கா, போனில்.

"சொன்னா பாவம்னு பாப்பாங்கக்கா. வேணாம்."

புதன்கிழமை அவன் எடிட்டரிலேயே வேலை செய்து பார்த்தாள். மதியத்துக்குள் டீ கப் இடது கைக்கு மாறியது... பிறகு மவுஸும். எதிர் மேஜையிலிருந்து அவன் அதைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை, எல்லாரும் கூடியதும் அவன் எழுந்தான். "ரெண்டுமே இருக்கட்டும் சார். சண்டை எடிட்டரால இல்ல, இடைவெளியால. எவ்வளவு இடைவெளி விடணும்னு ஒரு சின்ன ஃபைல்ல எழுதி வச்சுட்டேன். ரெண்டு எடிட்டரும் அதைப் படிச்சு நடந்துக்கும்."

மேனேஜர் இரண்டிலும் திறந்து சேவ் செய்து பார்த்தார். ஒரு வரியும் மாறவில்லை. "அப்ப அவங்கவங்க இஷ்டம்" என்று எழுந்து போனார்.

அவள் நேரே அவன் மேஜைக்கு வந்தாள்.

"என் கையைப் பாத்துப் பாவப்பட்டீங்களா?"

அவன் டிராயரைத் திறந்தான். உள்ளே வயர் சுற்றி அவனுடைய மவுஸ்.

"புதன்கிழமையிலேர்ந்து இது இங்கதான் தூங்குது. உங்க எடிட்டரைக் கத்துக்கிட்டிருக்கேன். ஒரு வரி எழுத ஒரு யுகம் ஆகுது. பாவப்படறவன் இந்தப் பாடு படுவானா?"

"பின்ன எதுக்காம்?"

"நீங்க எழுதறப்ப பக்கத்துல உக்காந்து... புரிஞ்சு பாக்கணும்னுதான்." அவன் காது மடல் சிவந்தது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க."

வெளியே மறுபடி தூறல்... அவள் இடது கையால் மவுஸை எடுத்தாள். வயரைப் பிரித்து அவன் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"எனக்காக நீங்க மாற வேணாம். உங்க பஞ்சவர்ணம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவன் முகம் வாடியது.

அவள் தன் நாற்காலியை இழுத்து அவன் அருகில் போட்டாள்.

"அன்னிக்கு மூடத் தெரியாம முழிச்சீங்களே... எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு."