புத்தக அலமாரியின் பின்பக்கம்

காலையில் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்த புத்தக அலமாரி, பிற்பகல் தனசேகர் டிரில்லிங் மிஷினோடு வந்து பார்த்தபோது, சுவரை விட்டு நான்கு விரல் தள்ளி நின்றது.

தரைதான் சரிவு என்று நினைத்துக்கொண்டான். நாயுடுபுரத்துப் பழைய வீடுகளில் எந்தத் தரை மட்டமாக இருக்கிறது? தோளைக் கொடுத்து மறுபடி தள்ளினான். ஆறடி உயரத் தேக்கு, ஐந்து தட்டு நிறையப் புத்தகம், முனகிக்கொண்டே நகர்ந்தது. கடைசி ஒரு விரல் இடைவெளி மட்டும் மூடவில்லை. நடுவில் மெத்தென்று ஏதோ அகப்பட்டதுபோல, தள்ளத் தள்ள மெல்லத் திருப்பித் தள்ளியது. மூச்சைப் பிடித்து ஒரு இடி இடித்ததும் ஒட்டிக்கொண்டது.

காட்டேஜ்களில் டிவியும் கீசரும் சுவரில் மாட்டிக் கொடுப்பதுதான் அவன் தொழில். அவன் முடுக்கிய திருகு ஒன்றுகூட இன்றுவரை பிடுங்கிக்கொண்டதில்லை. சொந்த வீட்டு அலமாரியை மட்டும், வருகிற ஞாயிறு, வருகிற ஞாயிறு என்று தள்ளிப்போட்டான். நான்கு ஞாயிறு போனது. அடுத்து வந்த புதன்கிழமை, நாலு வயது மகள் சுபஸ்ரீ மேல்தட்டிலிருந்த யானைப்படப் புத்தகத்தை எடுக்க, தட்டுகளில் கால் வைத்து ஏறினாள்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிளந்து அடுப்பில் வைக்கிறேன் என்று அவன் கோடாலியைத் தூக்கிய அன்று, மனைவி சத்தியபிரியா குறுக்கே வந்து நின்றாள். "அவ கடைசியாத் தொட்டது அதைத்தானங்க." அதற்குப் பிறகு இன்று காலைவரை அவன் அதன் பக்கமே போகவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு வில்பட்டியிலுள்ள அம்மா வீட்டுக்குப் போனவள், இந்த வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல் அங்கேயே தங்கிவிட்டாள். இன்றுதான் வருகிறாள். லாவண்யாவுக்குப் பத்து மாதம். எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாளாம்.

போன் அடித்தது.

"ஏங்க, பஸ் ஏறிட்டோம். மாட்டியாச்சா?"

"இந்தா, ஓட்டை போடத்தான் போறேன். நீ வர்றதுக்குள்ள வெரசா முடிச்சிருவேன்."

"இந்தத் தடவையாவது..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். பஸ் சத்தத்தோடு போன் அறுந்தது.

மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் மலையிலிருந்து இறங்கிய மஞ்சுமூட்டம் சன்னல் கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டு, வீட்டுக்குள் வெளிச்சத்தை ஒவ்வொரு மூலையாக அவித்துக்கொண்டிருந்தது. ரசமட்டம் வைத்துக் குறித்தான். துளை போடும்போது பழைய சுண்ணாம்பு வெள்ளை மாவாகக் கொட்டியது. ஈரச் சுவரின் வாடையோடு, புதைந்து கிடந்த இன்னொரு வாடையும் எழுந்தது. குழந்தைக்குப் பூசும் பவுடர் வாடை. புத்தகங்களில் ஒட்டியிருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மேலே இரண்டு கிளாம்ப், நடுவில் இரண்டு. நான்கு திருகையும் கை வலிக்கும்வரை முடுக்கினான். மேல்விளிம்பைப் பற்றி, உடல் பாரம் முழுவதையும் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தான். மயிரிழை அசையவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நிமிஷ வேலை. இவ்வளவுதான். இவ்வளவேதான்.

தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்புக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அழுகை ஓய்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பலகையை நகத்தால் சுரண்டுவதுபோல. எலி என்று நினைத்தான். சத்தம் நின்றது. மறுபடி வந்தது. இந்தமுறை கொஞ்சம் மேலே. பின்பலகையில் காதை வைக்க வேண்டி, நடுத்தட்டுப் புத்தகங்களை வாரித் தரையில் போட்டான். தலையை உள்ளே நுழைத்தான்.

பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்கு அப்பால், சுவருக்கும் மரத்துக்கும் நடுவில், நூல் நுழையாத இடத்தில், யாரோ திணறித் திணறி மூச்சு விட்டார்கள்.

"அப்பா."

அவன் அசையவில்லை.

"இறுக்குதுப்பா."

அந்தக் குரலை அவனுக்குத் தெரியாதா? கூடாது என்று மனம் சொன்னது. லாவண்யா வருகிறாள் என்று சொன்னது. கை அதற்குள் திருப்புளியை எடுத்திருந்தது. அன்று அவள் கூப்பிட்டபோது அவன் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் டிவி மாட்டிக்கொண்டிருந்தான். இன்று வீட்டில் இருக்கிறான்.

"இந்தா பாப்பா. அப்பா வந்துட்டேன்டா. பொறுத்துக்க."

ஒரு திருகு. இரண்டு. மூன்று. நான்காவதை அவன் தொடவே இல்லை. தானாகச் சுழன்று வெளியே வந்து, தரையில் விழுந்து உருண்டது.

அலமாரி முன்னால் சாய்ந்தது. இரண்டு கையையும் நெஞ்சையும் கொடுத்துத் தாங்கினான். புத்தகங்கள் தலையில் விழுந்தன. பாரம். இவ்வளவு பாரம் இருந்ததில்லை. பின்னாலிருந்து தள்ளுகிற பாரம். மூச்சு முட்டியது. குரல் வரவில்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. கதவு திறந்தது. மஞ்சோடு சத்தியபிரியாவின் குரல் உள்ளே வந்தது.

"ஏங்க, பாப்பாவ இங்கன விடுறேன், பாத்துக்கங்க. பை ஆட்டோலயே கெடக்கு."

செருப்புச் சத்தம் வெளியே போனது.

லாவண்யா தவழ்ந்து வந்தாள். கையும் முழங்காலுமாக, சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம். வராதே. அவள் அவனைப் பார்க்கவில்லை. அலமாரிக்குப் பின்னால், விலகியிருந்த இருட்டைப் பார்த்தாள். தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்தது. தட்டைப் பிடித்து எழுந்து நின்று, ஒரு கையை அந்த இடுக்குக்குள் நீட்டினாள்.

உள்ளிருந்து, சுண்ணாம்பு படிந்த சின்னக் கை ஒன்று வெளியே வந்து, தங்கையின் விரல்களைப் பற்றிக்கொண்டது.