கடைசிப் பெரட்டு

கிராணியார் சவரிநாதன் "ராக்காயி!" என்று கூப்பிட்டு வாயை மூடுவதற்குள், ராக்காயிக்கு முன்னாலேயே வேறு யாரோ "இருக்கேன்யா" என்று சொல்லிவிட்டார்கள். லியோனார்ட் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பிரதி எடுத்த கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். அதேதான். முதலில் இழுத்து இழுத்துப் பேசும் ஒரு கிழட்டுக் குரல், அதை ஒட்டியே ராக்காயியின் கணீர்க் குரல். மூலக் கேசட்டை எடுத்துப் போட்டுக் கேட்டான். அதில் கிழட்டுக் குரல் இல்லை. ராக்காயி மட்டும்தான் இருந்தாள்.

ஈப்போவில் லகாட் ரோட்டுப் பக்கம் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை அவனுடையது. கீழே கடை, மேலே வீடு. பாட்டுத் தேய்கிறது, கரகரக்கிறது, பெண் குரல் ஆண் குரலாகக் கேட்கிறது என்று நாள் முழுவதும் யாராவது ஒரு குறையோடு வந்து நிற்பார்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பிடித்த அழுக்கு, தளர்ந்துபோன பெல்ட், மட்டமான நாடா, இவற்றைத் தவிர உலகத்தில் வேறு கோளாறே இல்லை என்பது அவன் கொள்கை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்தால் முக்கால்வாசிப் பேய் ஓடிவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் கிண்டலடிப்பான். ஆகவே இதற்கும் பஞ்சை எடுத்தான்.

அந்த மூலக் கேசட்டை அவன்தான் பதிவு செய்தான். தெலுக் இந்தானுக்கும் ஹுத்தான் மெலிந்தாங்குக்கும் நடுவில் இருந்த ரப்பர் தோட்டம், அவன் மனைவி ஐவி பிறந்து வளர்ந்து பால்வெட்டிய தோட்டம், கைமாறி, மரங்களைச் சாய்த்துச் செம்பனை போடப் போகிறார்கள் என்று ஆனபோது, கடைசி நாள் பெரட்டுக்கு ஜனங்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியார் கூப்பிடுவார், ஆள் "இருக்கேன்யா" என்று சொல்லும், அந்த நாள் வேலை அந்த ஆளுக்கு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது பிந்திவிட்டால் பக்கத்தில் நிற்பவள் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாள். கிராணியாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

அந்தக் கடைசி நாளில் கிராணியார் கிழவருக்கு மனசு கேட்கவில்லை. செத்துப்போனவர்களின் பேரையும் அவரவர் பழைய இடத்திலேயே வைத்துக் கூப்பிட்டார். "செல்லாயி!" என்றதும் வரிசை ஒரு நொடி அடங்கிப்போயிற்று. பிறகு செல்லாயியின் மருமகள் ராக்காயி, பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்து "இருக்கேன்யா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். அதன் பிறகு யாரும் தயங்கவில்லை. செத்த தம்பி ராஜுவுக்கு சன்னாசி பதில் சொன்னார். மஞ்சள் காமாலையில் போய்விட்ட முத்தம்மாவுக்கு ஐவி பதில் சொன்னாள். ஐவியும் முத்தம்மாவும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்கள், பெரட்டில் ஐவி பேருக்கு அடுத்த பேர் முத்தம்மாதான். லியோனார்ட் பதிவு செய்யும் ரேடியோ கேசட் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கேசட்டுக்குத்தான் இப்போது ஊர் ஊராக ஆட்கள் பிரதி கேட்கிறார்கள். முதல் பிரதியை, சரிபார்க்கக்கூட விடாமல், ராக்காயிக்கென்று சன்னாசி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது இரண்டாவது.

ஹெட்டைத் துடைத்தான். காந்தம் நீக்கும் கருவியை அதன் மேல் மெல்லச் சுற்றினான். வயரை மாற்றினான். இரட்டை வேகத்தில் ஓட்டுவதை விட்டுச் சாதாரண வேகத்தில், உறை பிரிக்காத புது நாடாவில் ஏற்றினான். வெளியே மத்தியான மழை ஓட்டுக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, சாக்கடை நாற்றமும் எதிர்க்கடைக் காப்பி வறுக்கும் வாசனையும் ஈரத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தன, அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினான்.

"ஐவி!" என்றார் கிராணியார்.

"இருக்கேன்யா" என்றது ஒரு குரல். மூக்கால் பேசும் குரல், முடிவில் லேசாகச் சிரிப்பது போல ஒரு மூச்சு. அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில், ஐவி.

அந்த மூக்குக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பக்கம் நின்று மாப்பிள்ளையை வாய்க்கு வாய் கேலி செய்த குரல். முத்தம்மா.

பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் பயப்படுவதற்கு அவன் அந்த நேரத்தில் தயாராக இல்லை. மேலே ஐவி ஏழாம் மாதத்தில் இருந்தாள். இரண்டு முறை தங்காமல் போன பிள்ளை இந்த முறை தங்கியிருக்கிறது. மனசு பதறுகிற மாதிரி எதையும் காதில் போடக்கூடாது என்று நர்ஸ் அவனைத் தனியாக அழைத்து மிரட்டி அனுப்பியிருந்தாள். அவன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, ஹெட்போனிலேயே இன்னொரு பிரதி போட்டான். அந்தப் பிரதியில் ஐவி இல்லவே இல்லை. முத்தம்மா மட்டும் பதில் சொன்னாள், பளிச்சென்று, பக்கத்தில் நின்று சொல்வது போல.

மழை விடாத மறுநாள் மாலை சன்னாசி வந்தார். குடையை மடக்காமலே கடைக்குள் நின்றார். தரை முழுக்கத் தண்ணீர்.

"மாப்ள, அந்தக் கேசட்ட இனிமே காப்பி போடாதலா."

"என்னாச்சுண்ணே?"

"ராக்காயி வீட்டுக்குப் போயிருந்தேன். கேசட்டப் போட்டுக் கேட்டுருக்கா. கேட்ட அன்னைக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. மறுநாள் பேச்சே வரல. அப்பறம் வந்துச்சு." சன்னாசி தெருவைத் திரும்பிப் பார்த்தார். "மாமியா கொரல்லா மாப்ள. செல்லாயி கெழவி கொரலு. பெத்த பிள்ளைங்களப் பாத்து, நீங்கள்லாம் யாரு, எம்மருமவ எங்கேன்னு கேக்குறா. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

லியோனார்ட் பிரதிகள் கிடந்த மேசையைத் திரும்பிப் பார்த்தான்.

"நாம அவங்களுக்குப் பதில் சொன்னோம்" என்றார் சன்னாசி. "இப்ப அவங்க நமக்குச் சொல்றாங்க. வேற என்னா?" பிறகு, பெரிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, உண்மையச் சொல்லு. எம்பேரு வர்ற எடத்துல... ராஜு பேசுறானா?"

"இல்லண்ணே. உங்க கொரல்தான் கேக்குது."

பொய். அவன் அந்த இடத்தைக் கேட்டே பார்க்கவில்லை. சன்னாசி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி வாரேன் என்று மழைக்குள் இறங்கிப் போனார்.

லியோனார்ட் பிரதிகளின் நாடாவை உருவி எடுத்துக் கத்தரித்துத் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினான். கருகிய பிளாஸ்டிக் வாடை கடை முழுக்கச் சூழ்ந்தது. மூலத்தில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, மூலம் பத்திரமாக இருந்தால் ஐவியும் பத்திரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு முறை கேட்டுவிட்டு எடுத்து வைத்துவிடலாம் என்று அதைப் போட்டான்.

"ஐவி!"

இரைச்சல். வெறும் நாடா ஓடும் சத்தம். ஒரு ஆள் பதில் சொல்லும் அளவுக்குப் பள்ளம். அவ்வளவுதான்.

ஒவ்வொரு பிரதிக்கும் அவள் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தது தன் கைதான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் விழ, மரப்படியில் ஓடினான்.

ஐவி கட்டிலில் உட்கார்ந்து சின்னத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சுங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "மழைதான். அது கெடக்கு, கீழ என்னா பொக வாட?"

"ஒண்ணுமில்ல."

"ஏங்க. எங்கிட்ட மறைக்காதீங்க. ரெண்டு நாளா ஒங்க மூஞ்சி மூஞ்சியா இல்ல."

அவன் சொல்லிவிட்டான். நர்ஸ் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து, ராக்காயியைப் பற்றியும், முத்தம்மாவைப் பற்றியும், இப்போது மூலத்தில் இருக்கும் பள்ளத்தைப் பற்றியும் சொல்லி முடித்தான். அவள் பதறுவாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பதறவில்லை.

"முத்தம்மா கெட்டவ இல்லைங்க" என்றாள். "தனியா இருக்கப் பயப்படுவா. அவ்ளோதான்."

அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது, அதுவும் கேசட்காரனுக்குத் தெரிந்த வழி. அழிந்த இடத்தில் திரும்பப் பதிவு செய்வது. ஐவியின் குரல் மிச்சம் இருக்கும்போதே அந்தப் பள்ளத்தில் அவளையே பதில் சொல்ல வைத்துவிட்டால், அவள் இடத்தில் அவள் நிற்பாள். யாரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்று மூலக் கேசட்டின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் நாக்குகளை அவனே முன்பு உடைத்திருந்தான். இப்போது அந்த ஓட்டைகளின் மேல் செலோடேப்பை ஒட்டினான். கோணலாக ஒட்டியதை உரித்து மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. இனி அந்தக் கேசட்டில் எது வேண்டுமானாலும் ஏறும்.

ஐவியைக் கையைப் பிடித்து மெல்லப் படியிறங்கக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். வெளியே வெளிச்சம் மங்கி, தெரு சாம்பல் நிறத்தில் கிடந்தது. மைக்கை அவள் கையில் கொடுத்தான்.

"நான் தோளத் தொட்டதும் சொல்லு. உள்ள இருக்கிற கொரலெல்லாம் போட்டுச் சொல்லு."

அவள் தலையசைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

கேசட் ஓடியது. பேர்கள். பதில்கள். காலைச் சேவல் ஒன்று. யாரோ இருமினார்கள்.

"ஐவி!"

பொத்தானை அழுத்தினான். தோளைத் தொட்டான்.

"இருக்கேன்யா."

கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். கிழிந்த குரல்தான், ஆனால் குரல். உடனே நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். ஸ்பீக்கர் வயரைச் செருகினான். இருவரும் கேட்க வேண்டும்.

"ஐவி!"

"இருக்கேன்யா!"

கணீரென்று. கிழிசல் இல்லை. கல்யாணத்துக்கு முன் தோட்டத்தில் கேட்ட அதே ஐவி. மூக்குக் குரல் இல்லை. யாரும் இல்லை. லியோனார்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேசையில் அடித்துச் சிரித்தான். "கேட்டியா? ஒன் கொரல்தான்! கேட்டியாலா?"

திரும்பினான். ஐவியும் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

சத்தம் இல்லை.

அவளும் அதைக் கவனித்தாள். சிரிப்பு நின்றது. உதடு அசைந்தது. அவன் பேரைத்தான் சொல்கிறாள். காற்றுகூட வரவில்லை. கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள்.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

"முத்தம்மா!" என்றார் கிராணியார்.

அடுத்து ஐவியின் குரல் வரவேண்டும். தோழிக்காக அவள் சொன்ன பதில். அன்று அவன் காதால் கேட்டது.

இரைச்சல்.

கிராணியார் காத்திருந்தார். அந்தக் காலையில் அவர் அப்படிக் காத்திருக்கவில்லை. இப்போது காத்திருந்தார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு கேட்டது.

ஐவி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்தாள். பிள்ளை புரண்டது. அவன் உள்ளங்கைக்குக் கீழே, சேலைக்குக் கீழே, தோலுக்குக் கீழே.

"இருக்கேன்யா."

மூக்கால் பேசும் குரல். வளர்ந்த பெண்ணின் குரல், ஸ்பீக்கரிலிருந்து அல்ல, வயிற்றுக்குள்ளிருந்து. முடிவில் லேசாகச் சிரிப்பது போல ஒரு மூச்சு, அவன் கையில் சூடாகப் பட்டது.

ஐவியின் வாய் அகலத் திறந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அவள் அலறிக்கொண்டிருந்தாள். கடையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.