உறையாத பால்

மூன்றாவது தடவையாகத் தயிர் உறையவில்லை. ராத்திரி வேலை முடிந்து வந்தவள் மூடியைத் திறந்தால், பால் பாலாகவே கிடந்தது. புளிப்பும் இல்லை, கெட்ட நாற்றமும் இல்லை, முகர்ந்தால் ஒன்றுமே மணக்கவில்லை. ‘பால்காரன் என்ன கருமத்தைக் கலக்கிறானோ’ என்று முணுமுணுத்தபடி சுவரில் சாய்ந்தாள். அதற்குமேல் திட்ட உடம்பில் தெம்பில்லை.

துணிக்கு வெள்ளிப்பூச்சு அடிக்கும் வேலை அவளுக்கு. கண்ணுக்கே தெரியாத நானோ துகள். அது பட்ட காலுறையில் கிருமி தங்காது, வாரக்கணக்கில் போட்டாலும் நாறாது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டும் துணியிலும் அதே பூச்சுதான். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? வேலையில் மாட்டும் கோட்டை மட்டும் தொழிற்சாலைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சூப்பர்வைசர் தலைபாடாக அடித்துக்கொள்வார். அவள் பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். அதைக் கட்டிக்கொண்டால்தான் வாண்டுக்குத் தூக்கம் வருகிறது. நாலு வயசுப் பிள்ளை ராத்திரியெல்லாம் அம்மா அம்மா என்று தேம்பினால் பெற்ற மனசு கேட்குமா?

“அக்கா, அவ அசந்து தூங்குறா, எழுப்பிடாத,” என்றபடி தங்கை செருப்பை மாட்டினாள். ராத்திரியில் பிள்ளைக்குத் துணை அவள்தான். “படுக்கும்போது என்ன சொன்னா தெரியுமா? ‘சித்தி, கோட்டுல அம்மா வாசனையே இல்ல. இப்ப என் மேலயும் ஒரு வாசனையும் இல்ல’ங்கறா!”

“வாயாடி,” என்று சிரித்தாள் இவள். தங்கை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

வீடு ஓய்ந்தது. ஜன்னல் விளிம்பில் என்றைக்கோ செத்த பல்லி அழுகாமல், எறும்பு மொய்க்காமல் அப்படியே கிடந்தது. குப்பைக் கூடை நாறவில்லை. மூலையில் குவிந்த ஈரத்துணியும் நாறவில்லை. எப்போதிலிருந்து இப்படி? கோட்டு வந்ததிலிருந்து.

களைத்த காலை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

படுக்கைமேல் ஒரு பட்டை வெயில். கோட்டுக்குள் சுருண்டு கிடந்தாள் வாண்டு. அவள் உதட்டருகே தூசி மினுங்கி எழும்பியது, தாழ்ந்தது. மூச்சு சீராகத்தான் வருகிறது. பெற்றவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

குனிந்து உச்சியை முகர்ந்தாள்.

வியர்வை இல்லை. எண்ணெய் இல்லை. பிள்ளை வாசனையே இல்லை.

கோட்டைப் பிடுங்கி எறிந்தாள். “கண்ணு, எழுந்திரும்மா. அம்மா வந்துட்டேன் பாரு.”

பிள்ளையின் கை சில்லிட்டிருந்தது. மார்பில் காதை வைத்தாள். சத்தமில்லை. அசைவில்லை. ஐயோ.

நிமிர்ந்தாள்.

வெயிலில் அந்த வெள்ளி மினுமினுப்பு, பிள்ளையின் பாதி திறந்த வாயிலிருந்து வெளியே வந்தது.

உள்ளே போனது.

வெளியே வந்தது.